ஏழு கிணறு முதல் சின்டெக்ஸ் வரை

சென்னையில் ஒரு பிளம்பரிடம் கேட்கப்படும் கேள்விகள் ஐந்தாறுக்குள் அடங்கிவிடும். இறுக்கி மூடினாலும் குழாய் ஏன் சொட்டுகிறது? மாடியில் ஷவர் ஏன் நூலாக விழுகிறது? டேங்க் நிறைய தண்ணீர் இருந்தும் குழாயில் ஏன் காற்று மட்டும் வருகிறது? ஊருக்குப் போய்த் திரும்பினால் பாத்ரூமில் ஏன் சாக்கடை நாற்றம்? போன வருஷம் போட்ட குழாயில் அதற்குள் எப்படி உப்புக் கட்டியது? எந்தப் பேட்டைக்குப் போனாலும் இவைதான். கேட்பவர்கள் தங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைத்துக் கேட்கிறார்கள். கட்டினவனைத் திட்டுகிறார்கள், எனக்கு முன்னால் வந்துபோன பிளம்பரைத் திட்டுகிறார்கள். அவர்கள் மேலும் தப்பு இருக்கலாம். ஆனால் இத்தனை காலம் ரெஞ்சு பிடித்ததில் எனக்குப் பிடிபட்டது வேறு. இந்தக் கோளாறுகளில் பாதி, வீட்டுக்குள் பிறந்தவை அல்ல. ஊர் எப்போதோ எடுத்த முடிவுகளிலும் எடுக்காமல் தள்ளிப்போட்ட முடிவுகளிலும் பிறந்து, தெருக்குழாய் வழியாக வீட்டுக்குள் வந்து சேர்ந்தவை.

நான் தொழில் கற்றது ஜார்ஜ் டவுனில், பெரியப்பாவிடம். அவர் கார்ப்பரேஷன் லைசென்ஸ் வாங்கிய பிளம்பர். கோணிப்பையில் இரண்டு பைப் ரெஞ்சு, ஹேக்சா, மரை வெட்டுகிற டை செட், ஒரு டப்பாவில் வெள்ளை, ஒரு கட்டு சணல் நார். இவ்வளவுதான் அவருடைய ஆஸ்தி. ஏழு கிணறு பகுதியில் அவருக்கு வாடிக்கை அதிகம். வள்ளலார் இளமையில் வாழ்ந்த வீடு இருக்கிற வீராசாமிப் பிள்ளைத் தெருவைச் சுற்றியுள்ள சந்துகளில் எந்த வீட்டில் எந்தச் சுவருக்குப் பின்னால் குழாய் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

அந்தப் பகுதிக்குப் பெயர் கொடுத்த கிணறுகள் 1772-ல் வந்தவை. கடலை ஒட்டிய கோட்டைக்கு நல்ல தண்ணீர் வேண்டியிருந்தது. பெத்தநாயக்கன்பேட்டையின் வடக்கே மணற்பாங்கான இடத்தில் நல்ல ஊற்று கிடைத்தது. கேப்டன் பேக்கர் என்பவர் போட்ட திட்டத்தில் அங்கே கிணறு வெட்டி, ஆள் வைத்து இறைத்து, குழாய் வழியாகக் கோட்டைக்கு அனுப்பினார்கள். சென்னையின் முதல் குழாய்த் தண்ணீர் அதுதான். கிணறு இருந்தது பேட்டையில். தண்ணீர் போனது கோட்டைக்கு. குழாய் என்பது ஒருவர் வாசலைத் தாண்டி இன்னொருவர் வீட்டுக்குப் போகும் என்பதை ஊர் அன்றைக்கே பார்த்துவிட்டது.

மற்றவர்கள் இன்னொரு நூறு வருஷம் வீட்டுக் கிணற்றையும் கோயில் குளத்தையும் நம்பியிருந்தார்கள். பொறியாளர் ஃப்ரேசர் 1860-களில் வகுத்த திட்டப்படி, கொசஸ்தலையாற்றைத் தாமரைப்பாக்கத்தில் மறித்து, தண்ணீரைச் சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கும் திருப்பினார்கள். செங்குன்றத்திலிருந்து திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கம் வந்த தண்ணீர், அங்கிருந்து வார்ப்பிரும்புக் குழாய்களில் ஊருக்குள் போனது. வருஷம் 1872. பம்பு கிடையாது, நிலத்தின் சரிவுதான் தள்ளியது. வடிகட்டலும் கிடையாது, ஏரியில் இருந்ததெல்லாம் குழாயில் வந்தது. சென்னை தட்டையான ஊர். சரிவு கொஞ்சம் என்றால் தண்ணீரின் வேகமும் கொஞ்சம்தான். மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று இன்று என்னைக் கூப்பிடுகிறவருடைய வழக்கின் முதல் பக்கம் அங்கே இருக்கிறது.

1914-ல் நிலைமை மாறியது. மேட்லி என்ற பொறியாளரின் பொறுப்பில் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளும் பம்புகளும் மேல்நிலைத் தொட்டியும் வந்தன. தி.நகர் மேட்லி சாலை வழியாகப் போகிறவர்களில் அது தண்ணீர்க்காரர் பெயர் என்று அறிந்தவர்கள் குறைவு. சுத்தமான தண்ணீர், ஓரளவு அழுத்தத்தோடு. அதற்கப்புறம்தான் தெருமுனைக் குழாயிலிருந்து தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குள் நுழைந்தது. முதலில் வாசற்படி ஓரம், பிறகு முற்றம், பிறகு கொல்லை, கடைசியாகத்தான் சமையலறை.

வீட்டுக்குள் வந்த அந்தப் பித்தளைக் குழாயின் வடிவம் இங்கிலாந்தில் ராதர்ஹாம் என்ற ஊரில் ஒரு பித்தளைப் பட்டறையில் உருவானது. 1845-ல் காப்புரிமை பெற்றது. தலையைத் திருகினால் ஸ்பிண்டில் இறங்கும். அதன் அடியில் இருக்கிற வாஷர் போய் 'சீட்' மேல் உட்கார்ந்து வழியை அடைக்கும். அதற்கு முன்னால் இருந்தது பீப்பாய்க் குழாய் மாதிரி கால் திருப்பில் திறக்கிற சாதனம். அழுத்தம் கூடினால் கசியும். திருகுகிற குழாய் அழுத்தத்தைத் தாங்கியது. அதனால்தான் உலகம் முழுக்க ஓடியது, சென்னைக்கும் வந்தது.

அது சொட்டுவதற்கு வருகிறேன். வாஷர் தேய்ந்தால் சொட்டும். இது எல்லாருக்கும் தெரியும். வாஷர் மாற்றின பத்து நாளில் திரும்பவும் சொட்டினால்தான் பிளம்பர் மேல் சந்தேகம் வருகிறது. அப்போது பார்க்க வேண்டியது வாஷரை அல்ல, அது உட்கார்கிற சீட்டை. மெயின் வால்வை மூடிவிட்டு, குழாயின் தலையைக் கழற்றி, உள்ளே சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பாருங்கள். பித்தளை வளையம் வழவழவென்று இருக்க வேண்டும். ஓரத்தில் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் இருந்தால், அங்கே மணல் வேலை செய்திருக்கிறது. லாரித் தண்ணீரிலும் போர் தண்ணீரிலும் வருகிற பொடி மணல் வாஷருக்கும் சீட்டுக்கும் நடுவில் சிக்கும். நாம் பலத்தைக் காட்டித் திருகத் திருக அது பித்தளையை அறுக்கும். ரீசீட்டர் வைத்து நாலு சுற்று சுற்றிச் சமப்படுத்தினால் குழாய் இன்னும் பல வருஷம் ஓடும். இப்போது வருகிற செராமிக் டிஸ்க் குழாய்களில் இந்த வைத்தியம் செல்லாது. மணல் கீறிவிட்டால் கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டும்.

பெரியப்பா இன்னொரு காரணமும் சொல்வார். "தண்ணி எப்ப வரும்னு தெரியாத ஊர்லே குழாயை எவன்டா மூடறான்?" 1970-களிலும் 80-களிலும் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். ராத்திரி குழாயைத் திறந்து வைத்து, அடியில் குடத்தை வைத்துவிட்டுத்தான் படுப்பார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு முதலில் காற்று வரும், 'புஸ்' என்று. அப்புறம் இரும்புத் துரு. அப்புறம்தான் தண்ணீர். குடத்தில் விழுகிற சத்தத்தில் வீடு விழித்துக்கொள்ளும். காற்றும் துருவும் தண்ணீரும் மாறி மாறி அடிக்கிற குழாய், எப்போதும் நிறைந்திருக்கிற குழாயைவிடச் சீக்கிரம் கெடும். உள்ளே ஈரமும் காற்றும் மாறி மாறிப் பட்டால் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும்.

அந்த இரும்பு, ஜி.ஐ. பைப். இரும்பை உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுக்கும் முறைக்குப் பிரான்சில் சோரெல் என்பவர் 1837-ல் காப்புரிமை வாங்கினார். ஒரு காலத்தில் சென்னை வீடு என்றால் ஜி.ஐ. பைப்தான். நீளம் அளந்து அறுத்து, வைஸில் பிடித்து, டை போட்டு மரை வெட்டி, எண்ணெய் ஊற்றி ஊற்றித் திருப்ப வேண்டும். மரை மேல் சணல் நாரை மரை ஓடுகிற திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் எல்போவை ஏற்றும்போதே நார் பிரிந்து வெளியே வந்துவிடும். மேலே வெள்ளை பூச வேண்டும். அந்த வெள்ளை ஈயச் சாயம் என்பதும் குடிக்கிற தண்ணீர்க் குழாயில் ஈயம் கூடாது என்பதும் அப்போது எங்கள் பட்டறையில் யாரும் பேசாத விஷயம். இன்று அதன் இடத்தில் டெஃப்லான் டேப் இருக்கிறது. 1938-ல் அமெரிக்காவில் பிளங்கெட் என்ற வேதியியலாளர் தற்செயலாகக் கண்டுபிடித்த பொருள், எங்கள் பைக்குள் வந்து சேர வெகுகாலம் ஆனது.

ஜி.ஐ. பைப்பின் ஆயுளைப் பார்க்க வேண்டுமானால் ஒன்றை அறுத்துப் பார்க்க வேண்டும். பழைய வீடுகளில் முக்கால் இன்ச் குழாயை அறுக்கும்போது ஹேக்சாவின் சத்தமே மாறும். இரும்பைத் தாண்டியதும் கல்லை அறுக்கிற கரகரப்பு வரும். துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், வெளியே முழுசாக இருக்கிற குழாய்க்குள் பென்சில் நுழைகிற துவாரம் மட்டும் மிச்சமிருக்கும். சுற்றிலும் துருவும் அதன் மேல் வெள்ளை உப்பும் அடுக்கு அடுக்காக. முதல் அடுக்குகள் செம்மண் நிறம், ஏரித் தண்ணீர்க் காலம். அப்புறம் வெள்ளை, போர் தண்ணீர் வந்த காலம். "மோட்டாரை மாத்தலாமா, டேங்கை உயர்த்தலாமா?" என்று கேட்ட வீட்டுக்காரரிடம் அந்தத் துண்டைக் கையில் கொடுத்தால் போதும். வேறு விளக்கம் தேவைப்படாது.

போர் தண்ணீர் ஏன் வந்தது? ஊர் வளர்ந்த வேகத்துக்கு ஏரிகள் போதவில்லை. மேயராக இருந்த சத்தியமூர்த்தி முன்கையெடுத்த பூண்டி நீர்த்தேக்கம் 1944-ல் முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை; அவர் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு வெகுகாலம் பெரிதாக ஒன்றும் சேரவில்லை. 1978-ல் மெட்ரோ வாட்டர் வாரியம் உருவானது. கிருஷ்ணா தண்ணீர் 1996-ல் வந்தது. புதிய வீராணம் திட்டத்தில் 2004-ல் தண்ணீர் வந்தது. மீஞ்சூரில் 2010-ல் கடல்நீரைக் குடிநீராக்கினார்கள். நடுவில் கிடந்த அத்தனை வருஷப் பற்றாக்குறையையும் வீடுகள் தாங்களே சமாளித்தன. சமாளித்த விதம்தான் இன்றைய சென்னை வீட்டின் பிளம்பிங்.

அதன் படிகளை நான் என் கையாலேயே செய்திருக்கிறேன். முதலில் குழாயைத் தாழ்த்தினோம். மூன்றடி உயரத்தில் இருந்த குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் தரைமட்டத்துக்கு இறக்கினோம். அங்கேயும் வரவில்லை என்றால் வாசலில் பள்ளம் தோண்டி, அதற்குள் குழாயை வைத்தோம். வீட்டுப் பெண்கள் பள்ளத்துக்குள் குனிந்து குடத்தை நிரப்பித் தூக்கினார்கள். அடுத்து, மெட்ரோ வாட்டர் குழாயிலேயே அடிபம்பை வைத்தோம். நிலத்தடி நீருக்கு என்று செய்த பம்பைத் தெருக்குழாயின் மேல் பொருத்தி, வராத தண்ணீரை இழுத்தோம். சென்னையின் தெருக்களில் வீட்டுக்கு வீடு நின்ற அந்தச் சின்ன இரும்புப் பம்புகளின் கதை இதுதான். வாஷர் என்றால் தோல்; தேய்ந்தால் ஊறவைத்த புதுத் தோலைப் போட வேண்டும். இதிலே ஓர் ஆபத்தும் இருந்தது. தெருவில் குழாய்க்கும் சாக்கடைக்கும் இடையில் கசிவு இருந்தால், எல்லா வீட்டிலும் சேர்ந்து இழுக்கிற இழுப்பில் சாக்கடை நீரும் உள்ளே வரும். மஞ்சளாக, வாடையோடு தண்ணீர் வருகிறது என்கிற புகார் வந்தால் இன்றும் நான் முதலில் கேட்பது, தெருவில் யாராவது நேரடியாக மோட்டார் போட்டு இழுக்கிறார்களா என்பதைத்தான். அது சட்டப்படி கூடாது, நடக்கிறது.

அடிபம்புக்கும் ஓர் எல்லை உண்டு. மேலே இருந்துகொண்டு உறிஞ்சுகிற எந்தப் பம்பும் நடைமுறையில் 25 அடி ஆழத்துக்கு மேல் தண்ணீரை எடுக்காது. அதை மேலே தள்ளுகிற காற்றழுத்தம் அவ்வளவுதான். நிலத்தடி நீர் அதற்குக் கீழே போனதும் வீட்டுக் கிணற்றடி மோட்டாரைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கினார்கள். பிறகு போர் போட்டு கம்ப்ரசர், ஜெட், கடைசியில் தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருக்கிற சப்மெர்சிபிள். கிராமங்களுக்கு இதே பிரச்சினையைத் தீர்த்த இந்தியா மார்க் 2 கைப்பம்பு 1970-களில் உருவானதிலும் சென்னைக்குப் பங்கு உண்டு; இங்கிருந்த பொறியாளர்களும் பட்டறைகளும் அதில் வேலை செய்தார்கள். அதிலே பிஸ்டன் மேலே இல்லை, ஆழத்தில் தண்ணீருக்குள் இருக்கும்.

அடுத்த படி, சம்ப். எப்போதோ வருகிற தண்ணீரைப் பிடித்து வைக்க வீட்டுக்கு அடியில் ஒரு தொட்டி. சம்ப் வந்தால் மோட்டார்; மோட்டார் வந்தால் மாடியில் டேங்க். செங்கல்லில் கட்டிப் பூசிய தொட்டிகள் வெடித்துக் கசிந்துகொண்டிருந்த காலத்தில், 1975-ல் குஜராத்தின் கலோலில் ஒரு துணி ஆலை நிறுவனம் தொடங்கிய தொழில் கறுப்பு பிளாஸ்டிக் டேங்கைக் கொடுத்தது. சின்டெக்ஸ் என்பது பிறகு எந்தக் கம்பெனி டேங்குக்கும் பெயராகிவிட்டது. இன்று ஏதாவது ஒரு பாலத்தின் மேல் நின்று பார்த்தால் சென்னையின் மொட்டைமாடிகள் முழுக்க அதுதான்.

இதனால்தான் ஷவர் நூலாக விழுகிறது. நம் வீட்டுக் குழாய்க்கு அழுத்தம் கொடுப்பது ஊர் அல்ல, மொட்டைமாடி டேங்க். கணக்கு எளிது: 10 மீட்டர் உயரத் தண்ணீர் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் தரும். மூன்று மாடி வீட்டின் தரைத்தளத்துக்கு அது கிடைக்கும். மேல்மாடிக்கு, டேங்குக்கும் ஷவருக்கும் நடுவே எட்டடிதான். கால் கிலோ தேறினால் அதிகம். ஒரு கிலோவுக்கு மேல் அழுத்தம் இருக்கிற ஊர்களுக்காக வடிவமைத்த அகல ஷவரை அங்கே மாட்டிவிட்டு, "பிராண்டட் ஐட்டம்பா, ஏன் வரலை?" என்று கேட்டால் நான் என்ன சொல்ல? டேங்குக்கு மேடை கட்டி உயர்த்தலாம். டேங்கிலிருந்து இறங்குகிற குழாயின் அளவைக் கூட்டலாம். முடியாவிட்டால் பிரஷர் பம்பு. அதற்கு முன்னால் ஷவரின் தட்டைக் கழற்றி ஒரு ராத்திரி வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவைத்துப் பார்ப்பது உத்தமம். பாதிப் பேருக்கு அதிலேயே தீர்ந்துவிடும்.

ஏர் லாக்கும் இதே வம்சம். டேங்க் ஒருமுறை காலியானால் இறங்குகிற குழாயில் காற்று புகுந்து, மேடு பள்ளமாகப் போகிற இடத்தில் மேட்டில் தங்கிவிடும். எட்டடித் தண்ணீருக்கு அதைத் தள்ளுகிற பலம் இல்லை. டேங்கை விட்டு வெளியே வருகிற இடத்திலேயே ஒரு டீ போட்டு, டேங்கின் உயரத்துக்கு மேலே ஒரு காற்றுக்குழாய் நிறுத்திவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. டேங்க் உயரத்துக்குக் கொஞ்சம் பைப், ஒரு டீ. செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் விட்டுவிடுகிறார்கள்.

இனி பாத்ரூமுக்குள். பழைய சென்னை வீடுகளில் கக்கூஸ் கொல்லைக் கோடியில் இருந்தது. எடுப்புக் கக்கூஸ். பின்சந்தில் அதற்கென்று ஒரு சின்னக் கதவு. அந்தக் கதவு வழியாக மனிதர்கள் வந்து கையால் எடுத்துப் போனார்கள். எந்தச் சாதி என்பதை ஊர் முன்னமே முடிவு செய்து வைத்திருந்தது. ஜார்ஜ் டவுனிலும் திருவல்லிக்கேணியிலும் சில வீடுகளின் பின்சுவரில் செங்கல் வைத்து அடைத்த அந்த ஓட்டைகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கே புது வேலை செய்யும்போது சிலர் அது பழைய ஜன்னல் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

கக்கூஸை வீட்டுக்குள் கொண்டுவந்தது ஒரு வளைவு. லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் கமிங் 1775-ல் காப்புரிமை வாங்கிய 'எஸ்' வளைவு. குழாயை வளைத்து, வளைவில் கொஞ்சம் தண்ணீர் தங்கவிட்டால், அந்தத் தண்ணீரே மூடியாகி சாக்கடையின் காற்றை உள்ளே விடாது. இன்று நம் வீட்டில் பேனுக்கு அடியிலும் வாஷ்பேசினுக்கு அடியிலும் தரையில் இருக்கிற நாணி டிராப்பிலும் வேலை செய்வது அந்தக் கடிகாரக்காரரின் யோசனைதான். தங்குகிற தண்ணீர் இரண்டு இன்ச் உயரம். ஊருக்குப் போய்ப் பத்திருபது நாள் கழித்து வந்தால் நாற்றம் அடிப்பதற்குக் காரணம், அந்த இரண்டு இன்ச் வெயிலில் வற்றிப்போனது. பிளம்பரைக் கூப்பிட வேண்டியதில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும். புறப்படுவதற்கு முன் டிராப்பில் தண்ணீர் ஊற்றி மேலே ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டால் வற்றுவது தாமதமாகும். தினமும் குளிக்கிற பாத்ரூமிலேயே நாற்றம் வந்தால் மட்டும் என்னைக் கூப்பிடுங்கள். அப்போது வெண்ட் பைப் இல்லாமல், மேல்மாடியில் ஃப்ளஷ் இழுக்கும்போது கீழ்வீட்டு டிராப்பின் தண்ணீரும் உறிஞ்சப்படுகிறது என்று அர்த்தம்.

பேனும் நம் பழக்கத்துக்கு ஏற்ப மாறியது. ராணிப்பேட்டையில் பாரிவேர் 1950-களில் தொடங்கிய பீங்கான் தொழிலும் மற்ற கம்பெனிகளும் குந்தி உட்கார்கிற பேனை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தன. கால் வைக்கிற இடமும் சேர்ந்தே வார்த்த ஒரிசா பேன் வந்ததும், தனியாகக் காலடிக் கல் பதிக்கிற வேலை எங்களுக்குக் குறைந்தது. தலைக்கு மேலே சங்கிலி இழுக்கிற வார்ப்பிரும்பு டேங்க் ஓர் இழுப்புக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் கொட்டியது. இப்போதைய இரட்டைப் பொத்தான் டேங்க் சிறியதற்கு 3, பெரியதற்கு 6 என்று அளந்து விடுகிறது. விடுகிறதா என்று சோதிக்க ஒரு வழி: டேங்கில் ஒரு சிட்டிகை கேசரி பவுடரைப் போட்டு, ஃப்ளஷ் பண்ணாமல் அரைமணி நேரம் விடுங்கள். பேனில் சிவப்புத் தெரிந்தால் உள்ளே ரப்பர் போய்விட்டது. சத்தமில்லாமல் ஒழுகுகிற இந்த ஒழுக்கு, சொட்டுகிற குழாயைவிட அதிகத் தண்ணீரைக் கொண்டுபோகிறது.

போகிற தண்ணீர் எங்கே போகிறது? சென்னையின் பாதாளச் சாக்கடையை 1910-ல் வடிவமைத்தபோது, 1961-ல் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள், தலைக்கு 25 கேலன், அதாவது 114 லிட்டர், என்று கணக்குப் போட்டார்கள். 1941 கணக்கெடுப்பிலேயே 7.77 லட்சம் பேர். 1961 வந்தபோது 17 லட்சத்தைத் தாண்டியிருந்தது. 1958-ல் மறுபடி கணக்குப் போட்டுத் திருத்தினார்கள். ஊர் அதையும் தாண்டியது. தெருவில் மேன்ஹோல் பொங்கி, தரைத்தளத்து வீட்டின் பாத்ரூமில் சாக்கடை எதிர்த்து ஏறுகிறதென்றால், அந்த வீட்டுக்காரர் தப்பு செய்திருக்க வேண்டிய அவசியமில்லை.

ஆனால் நாமும் உதவி செய்கிறோம். நாப்கின், டயப்பர், வெட் டிஷ்யூ, சமையல் எண்ணெய், தலைமுடி என்று போட்டு அடைக்கிறோம். அடைப்பை எடுக்க மனிதர்களைக் குழிக்குள் இறக்குகிறோம். எடுப்புக் கக்கூஸை 1993-ல் சட்டம் தடை செய்தது. 2013-ல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. 1993-க்குப் பிறகு சாக்கடைக் குழியில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் கொடுக்கச் சொல்லி 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர வேண்டியிருந்தது என்றால் சாவு நிற்கவில்லை என்றுதானே பொருள்? அடைப்பு என்று கூப்பிடுகிற வீட்டில், "யாரையாவது இறக்கி எடுத்துடுங்க, காசு கூடக் குடுக்கறேன்" என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பின்சந்துக் கதவை அடைத்துவிட்டோம். அந்த எண்ணத்தை அடைக்கவில்லை. நான் இறக்குவதில்லை. ராடு போடுவேன், முடியாவிட்டால் மிஷின் வண்டியைக் கூப்பிடச் சொல்வேன்.

கடைசியாக வந்தது பிளாஸ்டிக். மேட்டூரில் 1967-லேயே பிவிசி மூலப்பொருள் தயாரானாலும், வீட்டுக் குழாய்களில் ஜி.ஐ.யை அது தள்ளிவிட இன்னும் காலம் பிடித்தது. வெந்நீருக்கும் தாங்குகிற சிபிவிசி 2000-க்குப் பிறகு பரவியதும் டை செட் பரணுக்குப் போனது. துருவில்லை, மரை வெட்ட வேண்டாம், பசை பூசி ஒட்டினால் முடிந்தது. கூடவே ஒரு பழக்கமும் வந்தது: குழாயைச் சுவருக்குள் புதைப்பது. பெரியப்பா காலத்தில் குழாய் சுவருக்கு வெளியே கிளாம்ப் போட்டு ஓடும். அழகில்லை, ஆனால் எங்கே ஒழுகினாலும் தெரியும். புதுசாகக் குடிவந்த ஓர் அடுக்குமாடி வீட்டில் படுக்கையறைச் சுவர் ஓதமடித்துக்கொண்டே இருந்தது. கட்டிக்கொடுத்தவரிடம் பைப் லைன் வரைபடம் கேட்டால் இல்லை என்றார். மூன்று இடத்தில் டைல்ஸை உடைத்த பிறகு கண்டது, டவல் ராடு மாட்ட அடித்த ஸ்குரு குழாயைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. ஓட்டையைப் போட்ட ஸ்குருவே மாதக்கணக்கில் அதை அடைத்துக்கொண்டும் இருந்தது. அது துருப்பிடித்த பிறகுதான் கசிவு.

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கம் வந்து இறங்கியது. அங்கிருந்து அது போனது கீழ்ப்பாக்கத்துக்கு. 1872-ல் செங்குன்றம் கால்வாய் வந்து சேர்ந்த அதே இடத்துக்கு. ஊருக்குத் தண்ணீர் தருகிற நாலு ஏரியும் வறண்டிருந்த அந்தக் கோடையில், என்னைக் கூப்பிட்டவர்கள் முதல்முறையாகக் குழாயின் பிராண்டைப் பற்றிப் பேசவில்லை. எந்தக் குழாய் எங்கிருந்து வருகிறது, எதை மூடினால் எது நிற்கும் என்று கேட்டார்கள். மெட்ரோ தண்ணீருக்கும் போர் தண்ணீருக்கும் தனித்தனி லைன் வேண்டும் என்றார்கள். 2003-ல் கட்டாயம் என்பதற்காகக் கட்டிவிட்டு மறந்திருந்த மழைநீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார்கள். பல வீடுகளில் அது குப்பையால் நிறைந்திருந்தது.

அந்தக் கேள்விகளை மழை பெய்த பிறகும் கேட்க வேண்டும் என்பதுதான் நான் சொல்லக்கூடியது. தெருவைத் தோண்டும்போது, எந்த லைன் எங்கே போகிறது என்று ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவரை வீட்டிலிருந்து கூட்டிவந்து, அவர் ஞாபகத்தைக் கேட்டுத் தோண்டியதைப் பார்த்திருக்கிறேன். ஊரை நம்மால் திருத்த முடியாது. வீட்டையாவது ஒரு தாளில் எழுதி வைக்கலாம். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் சுவரைப் போட்டோ எடுங்கள். தண்ணீர் எங்கே நுழைகிறது, சம்ப் எது, டேங்கிலிருந்து எத்தனை லைன் இறங்குகிறது, எந்த வால்வு எதை நிறுத்தும், சேம்பர் எங்கே என்று ஒரு படம் போட்டு, வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். புது வீட்டுக்குப் போனால் குழாய் ஏன் சொட்டுகிறது என்று அவர்கள் கேட்பதற்கு முன்னால் நான் ஒன்று கேட்பேன்: "மெயின் வால்வு எங்கேங்க இருக்கு?" பெரும்பாலும் கணவரும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அது தெரிந்த வீட்டில் எனக்கு வேலை பாதி. கூலியும் பாதிதான் வாங்குகிறேன்.